மீனின் தசையும் வேகமும்: அறிவியல் விழாவுக்கு வீட்டுச் சமையலறையிலேயே செய்யக்கூடிய ஆய்வு

இந்த வருடம் உங்கள் பிள்ளைக்கு அறிவியல் விழாவில் "மீன் எப்படி வேகமாக நீந்துகிறது" என்ற தலைப்பு விழுந்திருந்தால், இதைப் படித்துவிட்டுச் சந்தைக்குப் போங்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை ஒட்டிக் குடியிருக்கிறேன். மகளின் தமிழ்ப்பள்ளிக்காக இதே தலைப்பில் அலைந்து முடித்தவன். தேடினால் கிடைப்பதெல்லாம் ஆய்வுக்கூடம், நுண்ணோக்கி, தண்ணீர் ஓடும் பெரிய தொட்டி என்றுதான் பேசுகிறது. அதற்கெல்லாம் நாம் எங்கே போவது? நல்லவேளையாக, இந்தத் தலைப்பில் பார்க்க வேண்டியது முழுக்க மீன்கடையிலேயே கிடக்கிறது. கூரான கத்தி, ஐஸ்பெட்டி, இட்லிப் பானை இருந்தால் போதும்.

நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை படிக்கும் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் 6, 7, 8-ஆம் படிகளில் கூடுதல் நேரம் செலவிட்டால் அவர்கள் நிலைக்கும் பொருந்தும்.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

"மீன் எப்படி நீந்துகிறது" என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. செவுள், செதில், துடுப்பு, காற்றுப்பை என்று எல்லாவற்றையும் அட்டையில் ஒட்டி, எதையும் சொல்லாமல் முடிந்துவிடும். நான் பரிந்துரைக்கும் கேள்வி இது: "ஓயாமல் நீந்தும் மீனின் தசையும், பதுங்கியிருந்து பாயும் மீனின் தசையும் எப்படி வேறுபடுகின்றன?"

பிள்ளைக்கு முதலில் புரிய வேண்டிய அடிப்படை கொஞ்சம்தான். மீனுக்கு உந்துவிசை உடம்பிலிருந்து வருகிறது. முதுகெலும்பின் ஒரு பக்கத் தசை சுருங்கும்போது உடம்பு அந்தப் பக்கம் வளைகிறது, மறுபக்கத் தசை நீள்கிறது. இந்தச் சுருக்கம் தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கம் அலையாக ஓடுகிறது, வால் துடுப்பு தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது. வேகமாக நீந்தும் பெரும்பாலான மீன்களில் பக்கத் துடுப்புகளின் வேலை திரும்புவதும் நிலைப்படுத்துவதும்தான். "மீன் துடுப்பால் படகு தள்ளுவதுபோல் நீந்துகிறது" என்று அட்டையில் எழுதியிருந்தால் உடனே அழிக்கச் சொல்லுங்கள்.

2. காகித வேலை

மீனை வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இதைத் தள்ளிப் போடாதீர்கள். மீன் காத்திருக்காது.

- பங்கேற்புப் பாரம். தலைமையாசிரியர் கையொப்பமும் பள்ளி முத்திரையும் கேட்பார்கள். பள்ளி விடுமுறைக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.
- பெற்றோர் அனுமதிக் கடிதம். கத்தி, சூடான பாத்திரம் இரண்டையும் பெரியவர்தான் கையாளுவார் என்று அதில் ஒரு வரி எழுதுங்கள். கேட்காவிட்டாலும் எழுதுங்கள்.
- குறிப்பேடு. கையால் எழுதியதாக, தேதியோடு இருக்க வேண்டும். தட்டச்சு செய்து அழகாக அச்சடித்த குறிப்பேட்டைப் பார்த்தால் நடுவருக்கு முதலில் பெற்றோர் மேல்தான் சந்தேகம் வரும்.
- உயிரினம் பற்றிய உறுதிமொழி. சில போட்டிகளில் உயிருள்ள பிராணிகளை ஆய்வில் பயன்படுத்தத் தடை உண்டு. "உணவுக்காகச் சந்தையில் விற்கப்பட்ட மீனை மட்டுமே வெட்டினோம், உயிருள்ள மீனைப் படம் பிடித்ததோடு சரி" என்று எழுதி வையுங்கள். 8-ஆம் படியைச் செய்யும் முன் விதிமுறையை ஒருமுறை படித்துவிடுங்கள்.
- செலவுச் சீட்டு. மீன்கடையில் ரசீது கிடைக்காது. தேதி, மீனின் பெயர், எடை, விலை நான்கையும் கடையில் நிற்கும்போதே குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தராசின் மேல் மீன் இருக்கும்போது ஒரு படம் எடுத்தால் இன்னும் நல்லது.

3. மூன்று மீன்கள்

சியாக்காப், கெம்போங், தொங்கோல். இந்த மூன்றும் போதும். ஊர்ப் பெயரில் கொடுவா, கானாங்கெளுத்தி, சூரை.

சியாக்காப் பதுங்கி நிற்கும் மீன். இரை பக்கத்தில் வந்ததும் ஒரே பாய்ச்சல். கெம்போங் கூட்டமாக ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். தொங்கோல் சூரை இனத்தைச் சேர்ந்தது, கடலில் நிற்காமல் ஓடும் வேட்டைக்காரன். மூன்றையும் வரிசையாக வெட்டி வைத்தால், ஒரு வார்த்தை சொல்லாமலே பிள்ளைக்கு வேறுபாடு தெரிந்துவிடும்.

சியாக்காப், கெம்போங் இரண்டிலும் இரண்டிரண்டு வாங்குங்கள்: ஒன்று அவிக்க, ஒன்று வெட்ட. தொங்கோல் ஒன்று போதும். சியாக்காப் அரைக் கிலோ அளவு இருந்தால் இட்லிப் பானைக்குள் அடங்கும்.

கடையில் கவனிக்க வேண்டியவை:

காலையில் போங்கள், ஏழு மணிக்கு முன்னால் என்றால் உத்தமம். நம் ஊர் கடலோரம் இல்லை. பந்தாய் ரெமிஸ், லுமுட் பக்கமிருந்து லாரியில் வர வேண்டும். மீன் எவ்வளவு நேரம் ஐஸில் இருந்தது என்பது தசையின் நிறத்தைப் பாதிக்கும். மோட்டாரில் தோட்டத்துக்குள் வரும் மீன்காரரிடமும் வாங்கலாம், முதல் நாளே சொல்லிவைத்தால் தொங்கோல் கொண்டுவருவார்.

மீனை முழுசாகக் கேளுங்கள். இதுதான் பெரிய பொறி. நாம் காசு கொடுக்கும் நேரத்தில், பழக்க தோஷத்தில் கடைக்காரர் வாலை நறுக்கி, வயிற்றைக் கீறி, துண்டு போட்டுவிடுவார். மலாய்க்காரக் கடை என்றால் "பாங், ஜாங்கான் சியாங், ஜாங்கான் போத்தோங்" என்று எடை போடும் முன்பே சொல்லிவிடுங்கள். தமிழ்க் கடை என்றால் "அண்ணே, வெட்ட வேண்டாம், வாலைத் தொடவே வேண்டாம், பிள்ளையோட ஸ்கூல் வேலைக்கு" என்றால் புரிந்துகொள்வார்கள். சில சமயம் நல்ல மீனாகப் பொறுக்கியும் கொடுப்பார்கள்.

மீனை வைக்க ஐஸ் போட்ட பெட்டி கொண்டுபோங்கள். கெம்போங், தொங்கோல் மாதிரி மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் அதிகம். வேகமாக நீந்தும்போது தசையில் சேரும் அமிலத்தைத் தாங்கிக்கொள்ள அது உதவுகிறது. மீன் செத்து வெயிலில் கிடந்தால், பாக்டீரியா அதையே ஹிஸ்டமின் ஆக மாற்றிவிடும். சாப்பிட்டால் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு அரிக்கும். சமைத்தாலும் அது போகாது. ஆய்வு முடித்து மீனைக் குழம்பு வைக்க நினைப்பவர்கள் இதை மறக்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை: சாமன் (சால்மன்) மீனை வாங்காதீர்கள். அதன் இளஞ்சிவப்பு நிறத்தைப் பார்த்துவிட்டு "இதோ சிவப்புத் தசை" என்று படம் ஒட்டுகிறார்கள். அந்த நிறம் சாமன் தின்னும் இரையிலிருந்து வரும் நிறமி. நாம் தேடும் சிவப்பு வேறு, 6-ஆம் படியில் வருகிறது.

4. வெளிப்புறம்: பத்து நிமிடம் போதும்

மூன்று மீனையும் தலை ஒரே பக்கம் பார்க்கும்படி வெள்ளைத் தட்டில் வரிசையாக வையுங்கள். அளவுகோலையும் பெயர்ச் சீட்டையும் படத்துக்குள் வரும்படி வைத்து எடுங்கள்.

வால் துடுப்புக்கு முன்னால் உடம்பு குறுகும் இடத்தை அளக்கச் சொல்லுங்கள். சியாக்காப்பில் அந்த இடம் தடிமன். கெம்போங்கில் மெலிந்திருக்கும். தொங்கோலில் விரலால் வளையம் போட்டுவிடலாம், அவ்வளவு ஒல்லி, இரண்டு பக்கமும் முகடு மாதிரி தடித்திருக்கும். கெம்போங்கின் முதுகிலும் அடியிலும் வாலுக்கு முன் சின்னச் சின்னதாக ஐந்தைந்து துடுப்புகள் இருக்கும். எண்ணச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

5. அவித்துப் பிரிப்பது

சியாக்காப் ஒன்றையும் கெம்போங் ஒன்றையும் ஆவியில் அவியுங்கள். பொரிக்க வேண்டாம், மேல்தோல் முறுகி எதுவும் தெரியாது. மஞ்சள் தடவவே வேண்டாம், எல்லாம் ஒரே நிறமாகிவிடும். உப்பும் தேவையில்லை. கெம்போங் சீக்கிரம் வெந்துவிடும், சியாக்காப்புக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் விடுங்கள். கண் வெள்ளையானதும் இறக்கி, கை தாங்கும் சூடு வரும்வரை ஆறவிடுங்கள்.

இப்போது தோலை மட்டும் மெதுவாக உரியுங்கள். சியாக்காப்பில்தான் இது நன்றாகத் தெரியும். பக்கவாட்டில் முழுக்க வளைந்து வளைந்து கோடுகள் ஓடும். ஒவ்வொரு கோடும் ஆங்கில டபிள்யூ எழுத்தைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கும்: நடு முனை தலையைப் பார்க்கும், இரண்டு முனைகள் வாலைப் பார்க்கும். இரு கோடுகளுக்கு நடுவே இருப்பது ஒரு தசைக் கட்டு. கோடு என்பது கட்டுகளைப் பிரிக்கும் மெல்லிய சவ்வு.

இரண்டு கரண்டியால் ஒரு கட்டைத் தனியாகத் தூக்கிப் பாருங்கள். நாம் தினமும் சாப்பிடும்போது இதழ் இதழாகப் பிரிகிறதே, அதுதான். சவ்வில் இருக்கும் கொலாஜன் சூட்டில் ஜெலட்டின் ஆகிக் கரைவதால் கட்டுகள் பிரிகின்றன. பச்சை மீனில் இப்படிப் பிரிக்க முயன்றால் தசை கிழிந்து நாசமாகும். அதனால்தான் அவிக்கச் சொன்னேன்.

தூக்கிய இதழ் தட்டையாக இருக்காது. வெளியில் டபிள்யூவாகத் தெரிந்த முனைகள், உள்ளே போகப் போகக் கூம்புகளாக நீளும். ஒரு கட்டின் கூம்பு அடுத்த கட்டின் கூம்புக்குள் செருகியிருக்கும். ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே எனும் கடலை வகைகளைச் சுற்றிக் கொடுக்கும் காகிதக் கூம்புகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் எப்படியோ, அப்படி. இந்த அடுக்கினால் ஒரு தசைக் கட்டு, தான் இருக்கும் இடத்தை மட்டுமின்றி, முன்னும் பின்னும் பல முதுகெலும்புத் துண்டுகளின் நீளத்துக்கு உடம்பை வளைக்கிறது. இழுவை ஒரே இடத்தில் விழாமல் பரவுவதால் உடம்பு வழுவழுப்பான அலையாக வளைகிறது.

ஒரு பக்கத்துக் கட்டுகளை எண்ணி, பிறகு முள்ளை எடுத்து முதுகெலும்புத் துண்டுகளையும் எண்ணச் சொல்லுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். வாலுக்குப் பக்கத்தில் கட்டுகள் மிகச் சிறியவை, தவறவிடாதீர்கள்.

6. உறையவைத்து வெட்டுவது

ஆய்வின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது.

பச்சை மீனைக் குறுக்கே வெட்டினால் கத்தி தசையை இழுத்துச் சிதைத்துவிடும். வீட்டு ஐஸ்பெட்டியின் உறையவைக்கும் தட்டில் வைத்து, பாதி உறைந்த நிலையில் வெட்ட வேண்டும். கெம்போங்குக்கு இரண்டு மணி நேரம், மற்ற இரண்டுக்கும் நான்கைந்து மணி நேரம் ஆகலாம். விரலால் அழுத்தினால் மேலே கெட்டியாகவும் உள்ளே லேசாக அமுங்குவதாகவும் இருந்தால் சரியான பதம். முழுக்கக் கல்லாக உறைந்துவிட்டால் கத்தி வழுக்கும், ஆபத்து. வெட்டுவது பெரியவர் வேலை.

எங்கே வெட்டுவது என்பதில் ஒழுங்கு வேண்டும். ஒவ்வொரு மீனிலும் மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பு தொடங்கும் இடம் வரை அளந்து, பாதித் தூரத்தில் ஒரு வெட்டு, முக்கால் தூரத்தில் ஒரு வெட்டு. சிவப்புத் தசையின் பங்கு உடம்பின் நீளத்தில் இடத்துக்கு இடம் மாறும். ஒரு மீனை நடுவிலும் இன்னொன்றை வால் பக்கத்திலும் வெட்டிவிட்டு ஒப்பிட்டால், நடுவர் அங்கேயே மடக்கிவிடுவார்.

வெட்டிய முகத்தில் முதலில் தெரிவது வளையங்கள். முதுகெலும்பின் மேலும் கீழும், இடமும் வலமும், ஒன்றுக்குள் ஒன்றாக. செருகிய கூம்புகளைக் குறுக்கே வெட்டினால் வளையம்தானே வரும்? 5-ஆம் படியில் பார்த்த இதழையும் இந்த வளையத்தையும் பிள்ளை சேர்த்துப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து நிறம். சியாக்காப்பில் தோலுக்கு அடியில், பக்கவாட்டில் தலையிலிருந்து வால் வரை ஓடும் பக்கக் கோட்டை ஒட்டி, மெல்லிய கருஞ்சிவப்புப் பட்டை மட்டும் இருக்கும். மீதி எல்லாம் வெள்ளை. கெம்போங்கில் அந்தப் பட்டை அகலம், ஆனால் அதுவும் தோலை ஒட்டியே இருக்கும். தொங்கோலில் ஆச்சரியம் காத்திருக்கிறது. சிவப்பு உள்ளே போய், முதுகெலும்பு வரைக்கும் ஆப்பு அடித்த மாதிரி நிற்கும்.

படத்தை உடனே எடுத்துவிடுங்கள். காற்றுப் பட்டால் சிவப்பு பழுப்பாக மாறும். குழல் விளக்கு வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும்.

இந்த நிறங்களுக்கு அர்த்தம் என்ன என்பதை அட்டையில் இப்படி எழுதலாம்:

சிவப்புத் தசை நிதானமாக, நெடுநேரம் உழைக்கும். ஆக்ஸிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் அதில் நிறைய, அந்த நிறம் அதனால் வருவது. ரத்தக் குழாய்களும் நெருக்கமாக ஓடுகின்றன. வெள்ளைத் தசை சட்டென்று பாய்வதற்கானது. ஆக்ஸிஜனுக்குக் காத்திருக்காமல் சேமித்த மாவுச்சத்தை எரித்து வேகம் கொடுக்கும், சீக்கிரம் களைத்துப்போகும். பெரும்பாலான மீன்களில் சிவப்புத் தசை மொத்தத் தசையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வளவு பெரிய வெள்ளைத் தசையை மீன் பெரும்பாலான நேரம் சும்மா சுமந்துகொண்டு திரிகிறது. தப்பிக்கும், பாயும் அந்தச் சில நொடிகளுக்காகத்தான்.

இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு படி மேலே. சிவப்பு நார்கள் உடம்பின் நீளவாக்கில் நேராக ஓடுகின்றன. வெள்ளை நார்கள் அப்படி இல்லை, முதுகெலும்பைச் சுற்றித் திருகியது மாதிரி சாய்ந்து ஓடுகின்றன. இதை 1969-இல் விளக்கியவர் விலங்கியலாளர் மெக்நீல் அலெக்சாந்தர். அவர் சொன்ன காரணம்: நேராக ஓடினால், தோலுக்குப் பக்கத்தில் உள்ள நார் நிறையச் சுருங்க வேண்டும், எலும்புக்குப் பக்கத்தில் உள்ளது கொஞ்சம் சுருங்கினால் போதும். சாய்ந்து ஓடுவதால் எல்லா நார்களும் ஏறத்தாழ ஒரே அளவு சுருங்கி உழைக்க முடிகிறது. 1988-இல் ஆய்வாளர் லாரன்ஸ் ரோம் குழுவினர் கெண்டை இன மீனில் பார்த்தபோது, உடம்பு ஒரே அளவு வளைய, சிவப்பு நார் சுருங்கும் அளவில் நான்கில் ஒரு பங்கு மட்டும் வெள்ளை நார் சுருங்கினால் போதும் என்று தெரிந்தது. கொஞ்சம் சுருங்கினால் நிறைய வளைவு. மின்னல் வேகத்தில் மீன் திரும்பும் ரகசியம் இங்கேதான்.

தொங்கோலில் சிவப்பு ஏன் உள்ளே போனது? நாள் முழுக்க ஓடும் தசை சூடாகும். மற்ற மீன்களில் அந்தச் சூடு ரத்தத்தோடு செவுளுக்குப் போய்த் தண்ணீரில் கரைந்துவிடும். சூரை இனத்தில், தசையிலிருந்து திரும்பும் சூடான ரத்தக் குழாய்களும் தசைக்கு வரும் குளிர்ந்த ரத்தக் குழாய்களும் பின்னிப் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. சூடு வெளியே போகாமல் திரும்பித் தசைக்கே வருகிறது. சூடான தசை வேகமாகச் சுருங்கும். இதைக் கேட்டதும் சந்தை மீனில் வெப்பமானியைச் செருகிப் பார்க்கப் பிள்ளை ஆசைப்படும். ஐஸில் கிடந்த மீனில் ஐஸின் சூடுதான் தெரியும், விட்டுவிடச் சொல்லுங்கள்.

கடைசியாக, தொங்கோலின் வால் அடிப்பகுதியில் தோலை உரியுங்கள். சதை அதிகம் இருக்காது. வெள்ளையாக, பளபளப்பாக, கயிறு மாதிரி தசைநாண்கள் வால் துடுப்பில் போய்ச் சேர்வதைப் பார்க்கலாம். தசை முன்பக்கம் திரண்டிருக்க, இழுவையை வால் வரைக்கும் கொண்டுபோவது இவைதான். உடம்பு அதிகம் ஆடாமல் வால் மட்டும் அடிக்கிறது. 4-ஆம் படியில் அளந்த ஒல்லியான வாலுக்கு இங்கேதான் விளக்கம். இந்தப் படத்தைப் பெரிதாகப் போடுங்கள், மற்ற குழுக்களிடம் இருக்காது.

7. சிவப்பை அளப்பது

வெட்டிய துண்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, மார்க்கர் பேனாவால் துண்டின் விளிம்பையும் சிவப்புப் பகுதியையும் வரையுங்கள். தாளைக் கழுவி, வரைபடத்தாள் மேல் வைத்துக் கட்டங்களை எண்ணுங்கள். சிவப்புக் கட்டங்களை மொத்தத் தசைக் கட்டங்களால் வகுத்து நூறால் பெருக்கினால் விழுக்காடு. வயிற்றுக் குழியையும் எலும்பையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. அட்டவணையில் மூன்று மீன், இரண்டு வெட்டு, ஆறு எண்கள். அவ்வளவு போதும். தசம புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம் எழுதி அசத்தப் பார்க்காதீர்கள். மார்க்கர் பேனாவின் தடிமனே அதைவிடப் பெரிய பிழை.

8. உயிருள்ள மீனைப் படம் பிடிப்பது

வசதி இருந்தால் மட்டும். நீளமான தொட்டி வைத்திருக்கும் பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். தங்கமீன், கோய் எதுவாக இருந்தாலும் சரி. தொட்டியின் அடியில் அளவுகோலைப் போட்டு, மேலிருந்து கைபேசியின் மெதுவோட்டப் பதிவில் எடுங்கள். தொட்டியைத் தட்டி மீனை மிரட்டக் கூடாது. இரையை மறுமுனையில் போட்டால் தானாக ஓடும்.

வால் ஒருமுறை இடம் போய் வலம் வந்து திரும்புவது ஓர் அடி. ஓர் அடிக்கு மீன் எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்து, மீனின் நீளத்தால் வகுங்கள். வேகமாக நீந்தும் மீனுக்குப் பொதுவாக 0.6 முதல் 0.8 வரை வரும். வீட்டுத் தொட்டியில் மெதுவாகப் போகும் மீனுக்கு இன்னும் குறைவாக வரலாம், வந்ததை அப்படியே எழுதுங்கள்.

இந்த ஒரு எண்ணை வைத்து நல்ல கணக்கு போடலாம். 20 சென்டிமீட்டர் மீன் ஓர் அடிக்கு 0.7 நீளம் போனால் 14 சென்டிமீட்டர். நொடிக்கு 10 அடி அடித்தால் 1.4 மீட்டர், அதாவது மணிக்கு 5 கிலோமீட்டர். நாம் விறுவிறுவென்று நடக்கும் வேகம். ஆக, வேகத்தைத் தீர்மானிப்பது இரண்டு: மீனின் நீளம், தசை எவ்வளவு சீக்கிரம் சுருங்கி விரிய முடியும் என்பது.

9. மாதிரி

மெழுகு, தெர்மோகோல் எதற்கும் செலவு செய்ய வேண்டாம். வண்ணத்தாளில் ஒரே அளவுக் கூம்புகள் செய்து, ஒன்றுக்குள் ஒன்று செருகி, நடுவில் வளையும் கம்பி ஒன்றைக் கோத்துவிடுங்கள். அதே மாதிரி இன்னொன்று செய்து, அதைக் குறுக்கே வெட்டி வளையங்களைக் காட்டுங்கள். பார்க்க எளிமையாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். பிள்ளையே செய்து பிள்ளையே விளக்கும் மாதிரிக்குத்தான் மதிப்பு.

10. நடுவர் கேட்கக்கூடியவை

"உலகத்தில் வேகமான மீன் எது?" கண்டிப்பாகக் கேட்பார்கள். மயில்மீன், மணிக்கு 110 கிலோமீட்டர் என்று பல இடங்களில் போட்டிருக்கும். பகாங்கில் ரொம்பின் கடலில் தூண்டில்காரர்கள் தேடிப் போவது அதைத்தான். அந்த 110-ஐ அட்டையில் எழுதாதீர்கள். 8-ஆம் படிக் கணக்கையே போட்டுப் பாருங்கள்: 2 மீட்டர் மீன் அந்த வேகத்துக்கு நொடிக்கு 22 அடி அடிக்க வேண்டும். இடம், வலம் என்று நொடிக்கு 44 சுருக்கம். அவ்வளவு பெரிய தசையால் முடியாது. தசை சுருங்கும் நேரத்தை நேரடியாக அளந்து 2016-இல் வெளியான ஆய்வு, மயில்மீனுக்கு நொடிக்கு 8.3 மீட்டர் என்று கணக்கிட்டது. மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். அதே ஆய்வில் உடல் நீளத்தோடு ஒப்பிட்டபோது முதலிடம் மயில்மீனுக்கு இல்லை, அட்லாண்டிக் கடலின் ஒரு சிறிய சூரைக்கு. நம் தொங்கோலின் நெருங்கிய உறவு அது. பிள்ளை இதைச் சொல்லி முடிக்கும்போது நடுவர் பேனாவை எடுப்பார்.

"சிவப்பு ரத்தத்தால் வந்ததா?" ரத்தக் குழாய்கள் அதிகம் என்பது உண்மை, ஆனால் முக்கியக் காரணம் மயோகுளோபின். 

"மூன்று மீன் போதுமா?" போதாது என்று தயங்காமல் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே மீனை அளந்ததால், இது முதல் பார்வை மட்டுமே; இன்னும் பல மீன்களில் அளக்க வேண்டும் என்று சொன்னால் மதிப்பெண் குறையாது.

"அம்மா அப்பா எந்த வேலை செய்தார்கள்?" வெட்டினார்கள், அவித்தார்கள். அளந்ததும் எழுதியதும் நான். இந்தப் பதில் உண்மையாக இருக்கும்படி நீங்கள் நடந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

11. செலவும் நாள் கணக்கும்

மீனுக்கு 60 முதல் 80 வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்குங்கள். பெரும்பகுதி சியாக்காப்புக்குத்தான் போகும். பணம் இடித்தால் ஒரே சியாக்காப்பை வாங்கி, வால் பக்கத்துப் பாதியை உறையவைத்து, முன்பாதியை அவியுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், நவம்பருக்கு மேல், மீன் வரத்து குறைந்து விலை ஏறும். போட்டி வருடக் கடைசியில் என்றால் படங்களை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். தாள், மார்க்கர், வரைபடத்தாள் 15 வெள்ளிக்குள் முடியும். பெரிய அட்டை அச்சடிப்பது கடைக்குக் கடை மாறும், விலை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

நான்கு வாரம் இருந்தால் நிம்மதி. முதல் வாரம் கேள்வியும் பாரமும். இரண்டாம் வாரச் சனிக்கிழமை காலை சந்தை, பகலில் அவிப்பது, மாலையில் வெட்டுவது. அளப்பதையும் அன்றே முடித்துவிடுங்கள், மறுநாள் நிறம் இருக்காது. மூன்றாம் வாரம் தொட்டிப் படமும் மாதிரியும். நான்காம் வாரம் அட்டையும் பேச்சுப் பயிற்சியும். ஒரே சனிக்கிழமையை நம்பி இருக்காதீர்கள். அன்றைக்குத் தொங்கோல் வராமல் போகலாம், அடுத்த சனிக்கிழமையும் கையில் இருக்க வேண்டும்.

அச்சுக் கடைக்குக் கோப்பைக் கொடுக்கும்போது தமிழ் எழுத்துரு உடையாமல் வருகிறதா என்று சின்னத் தாளில் ஒருமுறை அச்சடித்துப் பாருங்கள். கோப்பைப் படமாக மாற்றிக் கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. போட்டிக்கு முந்தைய நாள் மட்டும் கொடுக்காதீர்கள், எல்லாப் பள்ளிகளும் அன்றுதான் வரிசையில் நிற்கும்.